விரலுக்கும் வெற்றிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்

மெலிந்த வயர்லெஸ் கீபோர்டு, காந்த ஸ்விட்ச் வைத்த குட்டிக் கீபோர்டு இரண்டுமே வேகத்தைச் சொல்லித்தான் விற்கின்றன. எந்த வேகம் யாருக்குத் தேவை என்பதை மட்டும் பெட்டியில் அச்சிடுவதில்லை.

டெல்லி நேரு பிளேஸிலும் மும்பை லேமிங்டன் ரோட்டிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் ஒரு காலத்தில் கீபோர்டு என்பது கொசுறு. கம்ப்யூட்டர் வாங்கினால் மவுஸுடன் சேர்த்துப் பையில் போட்டுக் கொடுக்கும் சமாசாரம். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை. விசை அழுந்துகிறதா, எழுத்து வருகிறதா, போதும்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. கம்ப்யூட்டரில் விளையாடும் இளைஞர்கள் இன்று கீபோர்டுக்குச் செலவழிக்கும் தொகையைக் கேட்டால் பெற்றோருக்கு மயக்கம் வரும். அவர்கள் முன்னால் இப்போது இருக்கும் கேள்வி இதுதான்: தட்டை ரகமா, காந்த ரகமா?

தட்டை ரகம், அதாவது லோ புரொஃபைல், பார்க்க லட்சணமானது. லாஜிடெக் நிறுவனம் 2019ல் கொண்டு வந்த ஜி915 இதன் முன்மாதிரி. தடிமன் 22 மி.மீ., வயர் இல்லை, அமெரிக்க விலை 250 டாலர். காந்த ரகத்தைப் பிரபலமாக்கியது நெதர்லாந்தின் வூட்டிங் என்ற சிறு நிறுவனம். 2022ல் அது வெளியிட்ட 60எச்இ மாடல் 175 டாலர். 61 விசைகள் மட்டுமே கொண்ட இந்தக் குட்டிக் கீபோர்டு வயரோடுதான் வருகிறது. அழகுப் போட்டியில் தட்டை ரகத்திடம் தோற்கும். ஆனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் போட்டியாளர்களின் மேஜையைப் பிடித்துக்கொண்டது இதுதான்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, விசையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்.

தொடுவதும் அளப்பதும்

சாதாரண மெக்கானிக்கல் விசையின் உள்ளே இருப்பது ஸ்பிரிங்கும் இரண்டு உலோகத் துண்டுகளும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இதன் இலக்கணம். விசை மொத்தம் 4 மி.மீ. இறங்கும். 2 மி.மீ. இறங்கும்போது உலோகங்கள் தொட்டுக்கொள்ளும், எழுத்து பதிவாகும். செர்ரியின் காப்புரிமை காலாவதியான பிறகு சீன நிறுவனங்கள் இதே அமைப்பைக் குறைந்த விலையில் தயாரித்துக் குவித்தன.

தட்டை ரகம் செய்தது, இந்தப் பயணத்தைச் சுருக்கியதுதான். ஜி915ல் விசை மொத்தமே 2.7 மி.மீ. இறங்குகிறது. 1.5 மி.மீட்டரில் பதிவாகிறது. உயரம் குறைந்தது, தூரமும் குறைந்தது. ஆனால் உள்ளே நடப்பது அதே வேலை: தொட்டால் உண்டு, விலகினால் இல்லை.

காந்த ரகம் இந்த முறையையே கைவிட்டது. விசையின் தண்டில் ஒரு சிறு காந்தம், அடியில் ஒரு சென்சார். காந்தம் நெருங்க நெருங்க சென்சாரில் மின்னழுத்தம் மாறுகிறது. விசை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கீபோர்டு இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. எந்த ஆழத்தில் எழுத்து பதிவாக வேண்டும் என்பதை வாங்கியவரே தீர்மானிக்கலாம். வூட்டிங்கில் 0.1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு அடிப்படையான விதி புதிதல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால் 1879லேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, காந்தப் புலத்தில் வைத்தபோது தகட்டின் குறுக்கே மின்னழுத்தம் தோன்றியது. எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரிய இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. ஹனிவெல்லின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு 1960களின் இறுதியில் இந்த விதியைக் கொண்டு கீபோர்டுகள் செய்தது. உலோகத் தொடுமுனையே இல்லாததால் தேய்மானம் இல்லை. ஆனால் விலை அதிகம். ஸ்டீல்சீரிஸ் 2019ல் ஏபெக்ஸ் புரோ மாடலில் இதை மறுபடி விளையாட்டுக்காரர்களிடம் கொண்டு வந்தது. நீண்ட காலம் உழைப்பதற்காகப் பிறந்த தொழில்நுட்பம், வேகத்துக்காக மறுபிறவி எடுத்தது.

எடுக்கும் விரலின் கணக்கு

வேகம் எவ்வளவு? கணக்குக்காக, விரல் வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால் ஒரு மி.மீட்டரைக் கடக்க 5 மில்லி செகண்ட் ஆகும். சாதாரண மெக்கானிக்கல் விசை பதிவாக 10 மில்லி செகண்ட். தட்டை ரகத்துக்கு ஏழரை. காந்த விசையை 0.2 மி.மீட்டரில் வைத்தால் ஒன்று. எதிரி திரையில் தெரிந்ததும் மனிதக் கண்ணும் மூளையும் விரலும் சேர்ந்து எதிர்வினை காட்டவே சுமார் 200 மில்லி செகண்ட் தேவை. அந்த 200க்கு முன்னால் இந்த ஆறேழு மில்லி செகண்ட் பெரிய விஷயமாகத் தெரியாது.

உண்மையான வித்தியாசம் விசையை அழுத்துவதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. கவுன்ட்டர் ஸ்டிரைக், வலோரன்ட் போன்ற விளையாட்டுகளில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி தப்பும். நின்று சுட வேண்டும். இடது பக்கம் ஓட 'ஏ' விசை, வலது பக்கம் ஓட 'டி' விசை. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்த, 'ஏ'யை விட்டுவிட்டு 'டி'யை ஒரு தட்டு தட்ட வேண்டும். மெக்கானிக்கல் விசை அடிமட்டம் வரை அழுந்தியிருந்தால், சுமார் 2 மி.மீ. மேலே வந்த பிறகுதான் 'விரல் எடுக்கப்பட்டது' என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். தட்டை ரகத்தில் ஏறக்குறைய 1.2 மி.மீ. அதுவரை வீரர் ஓடிக்கொண்டே இருப்பார்.

காந்த விசைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அது ஆழத்தை அளந்துகொண்டே இருப்பதால், விரல் 0.1 அல்லது 0.2 மி.மீ. மேலெழுந்தாலே விட்டதாகக் கணக்கு வைக்கும். திரும்ப இறங்கினால் அந்த இடத்திலேயே மறுபடி அழுத்தியதாகப் பதிவு செய்யும். இதற்கு ரேப்பிட் டிரிக்கர் என்று பெயர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில மில்லி செகண்ட் மிச்சம். ஒரு ஆட்டத்தில் இப்படி நூற்றுக்கணக்கான முறை நின்று சுட வேண்டியிருப்பதால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த வித்தியாசத்தைத் தங்கள் விரலிலேயே உணர்கிறார்கள். தட்டை ரகம் தூரத்தைக் குறைத்தது. காந்த ரகம் காத்திருப்பை ஒழித்தது.

வயர் இல்லாத வசதி

இதற்காகத் தட்டை ரகத்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண கீபோர்டில் மேஜைக்கு மேல் உயரமாக நிற்கும் விசைகளை எட்ட மணிக்கட்டு பின்னோக்கி மடிகிறது. தட்டைக் கீபோர்டில் அந்த மடிப்பு குறைவு. லேப்டாப்பில் பழகிய விரல்களுக்கு இது உடனே ஒத்துப்போகும். பகலில் புளூடூத் மூலம் அலுவலக லேப்டாப்புடன் இணைத்து வேலை, இரவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரைச் செருகி விளையாட்டு என்று இரட்டை வாழ்க்கையும் நடத்தலாம்.

வயர்லெஸ் என்றால் தாமதம் என்ற பழைய பயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நல்ல ரிசீவர்கள் வினாடிக்கு 1,000 முறை தகவல் அனுப்புகின்றன. அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை. புளூடூத் மட்டும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அது டைப்பிங்கிற்கு, விளையாட்டுக்கல்ல. காந்தக் கீபோர்டு விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் '8,000 ஹெர்ட்ஸ்' என்ற எண்ணைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். ஒரு மில்லி செகண்ட் இடைவெளி 0.125 ஆகிறது. அதிகபட்ச லாபம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு.

காந்த ரகத்துக்கு பேட்டரிதான் எதிரி. ஒவ்வொரு விசையின் அடியிலும் உள்ள சென்சார் இடைவிடாமல் மின்சாரம் கேட்கும். வயர்லெஸ் காந்தக் கீபோர்டுகள் வந்துவிட்டன: ஸ்டீல்சீரிஸ் 2023லும் கீக்ரான் 2024லும் வெளியிட்டன. காந்த ஸ்விட்ச் வைத்த தட்டைக் கீபோர்டுகளும் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. இரண்டு ரகங்களும் ஒன்றாகக் கலப்பது கால விஷயம்தான். ஆனால் இன்றைக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் காந்தக் கீபோர்டுகள் பெரும்பாலும் வயரோடுதான் வருகின்றன.

குட்டி அளவுக்கும் ஒரு விலை உண்டு. 61 விசைகளில் நம்பர் பேட் கிடையாது, அம்புக்குறி கிடையாது, மேல்வரிசை எஃப் விசைகளும் கிடையாது. மவுஸை வீசி இழுக்க இடம் கிடைக்கிறது என்று ஆட்டக்காரர் மகிழ்வார். அதே கீபோர்டில் அப்பா கடைக் கணக்கை டாலியில் எழுத உட்கார்ந்தால் கதை கந்தல். பேமென்ட் வவுச்சருக்கு எஃப்5, ரிசிப்ட்டுக்கு எஃப்6 என்று பழகிய விரல், ஒவ்வொரு முறையும் எஃப்என் விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பதிவு ஆழத்தை 0.1 மி.மீட்டரில் விட்டு வைத்திருந்தால், விரல் சும்மா பட்டாலே எழுத்து விழும். டைப் செய்யும்போது அதை ஒன்றரை, இரண்டு மி.மீட்டருக்கு மாற்றிக்கொள்வதே உத்தமம்.

கருவியா, கையா?

2024 ஜூலையில் ரேஸர் நிறுவனம் ஸ்னாப் டேப் என்ற வசதியைக் கொண்டு வந்தபோது விவகாரம் முற்றியது. 'ஏ'யை அழுத்திக்கொண்டே 'டி'யைத் தொட்டால், கீபோர்டே 'ஏ'யைத் தானாக விடுவித்துவிடும். ஓட்டத்தை நிறுத்தப் பல ஆயிரம் மணி நேரம் பழகிய கலையை ஒரு சாஃப்ட்வேர் வரி செய்து முடித்தது. மற்ற நிறுவனங்களும் அதே வசதியை வேறு பெயர்களில் சேர்த்தன.

கவுன்ட்டர் ஸ்டிரைக்கின் உரிமையாளரான வால்வ் ஒரு மாதத்தில் கோடு கிழித்தது. இத்தகைய தானியங்கி உதவியுடன் ஆடுவோர் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவர் என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது. ரேப்பிட் டிரிக்கருக்குத் தடை இல்லை. முன்னது ஆட்டக்காரருக்குப் பதிலாக முடிவெடுக்கிறது, பின்னது அவர் விரல் செய்ததை விரைவாகச் சொல்கிறது. நியாயமான வேறுபாடுதான். ஆனால் எல்லா விளையாட்டு நிறுவனங்களும் ஒரே விதியைக் கடைப்பிடிக்கவில்லை. கிரிக்கெட்டில் மட்டையின் அகலத்துக்கு அளவு உண்டு. விசையின் அறிவுக்கு அளவு வைக்கும் பொது அமைப்பு இங்கே இல்லை.

இந்தியாவுக்கு இது வெறும் வேடிக்கையல்ல. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டு வந்தது. 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கங்கள் தரப்பட்டன, இந்திய வீரர்களும் களமிறங்கினர். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த 2025ம் ஆண்டுச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி அங்கீகாரம் அளித்தது. இந்நாட்டில் பெரும்பாலானோர் மொபைலில்தான் விளையாடுகிறார்கள். அவர்களுக்குக் கீபோர்டு பிரச்சினையே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டிக்குத் தயாராகும் சிறுபான்மையினருக்குக் கருவியின் விலை ஒரு தடையாக இருந்தது. ஐந்தாயிரம் ரூபாய் வட்டாரத்திலேயே சீனத் தயாரிப்புக் காந்தக் கீபோர்டுகள் கிடைக்கத் தொடங்கியிருப்பது அந்தத் தடையை ஓரளவு தகர்த்திருக்கிறது. ஜி915 போன்ற பெயர் பெற்ற தட்டை ரகம் ஒன்றுக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? தினமும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் போட்டி போடுபவர் காந்த ரகத்தை வாங்கலாம். அதற்கு அதிகம் செலவழிக்கவும் தேவையில்லை. ஒரே மேஜையில் வேலையும் விளையாட்டும் நடத்துபவர், மணிக்கட்டைக் காப்பாற்ற விரும்புபவர், வயர்களைப் பார்த்தாலே எரிச்சலடைபவர் தட்டை வயர்லெஸ் ரகத்தை நாடலாம். சதுரங்கம், கார் பந்தயம், கதை சார்ந்த விளையாட்டுகள் ஆடுபவருக்கு இந்த வாதம் முழுவதுமே அநாவசியம்.

இன்னமும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். அதில் ஒரு காட்சி மாற 16.7 மில்லி செகண்ட் ஆகிறது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஏழுக்கும் குறைவு. எந்தக் காந்தமும் ஈடுகட்ட முடியாத தாமதம் பலருக்குக் கண்ணெதிரேதான் இருக்கிறது.