ஈட்டுக் கடனும் எட்டு மணி நேரப் படிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடு வாங்குவோரிற் பெரும்பாலார் அவ்வீட்டையே ஈடாக வைத்துக் கடன் பெறுகின்றனர். 2008 ஆம் ஆண்டுக்கு முன்னர், தொடக்கத்திற் குறைந்து பின்னர் ஏறும் வட்டியின் தன்மை விளங்காமற் கையொப்பமிட்டோர் பலர். தவணை கட்டமாட்டாது வீடிழந்தோரும் பலர். கடனை ஒழுங்கு செய்பவரே அதனை விளக்க அறியாதவராயின் வாங்குபவர் யாரை நம்புவது?

2008 யூலையில் நிறைவேறிய சட்டம் இத்தொழிலினர்க்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கிற்று. முதலில் 20 மணி நேரப் படிப்பும் பரீட்சையும். பின்னர் ஆண்டுதோறும் குறைந்தது 8 மணி நேரம். இதில் மூன்று மணி மத்திய சட்டங்களுக்கும், இரண்டு மணி மோசடி, பாரபட்சம் முதலியவற்றை ஆராயும் தொழில் அறநெறிக்கும் உரியன. இன்னும் இரண்டு மணி வழக்கத்துக்கு மாறான கடன்களுக்கு. முப்பது ஆண்டு மாறா வட்டிக் கடனல்லாத யாவும் இச்சட்டப்படி அவ்வகையினவே என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். சென்ற ஆண்டு கற்ற அதே பாடத்தை இவ்வாண்டும் கற்றுக் கணக்குக் காட்டவியலாது. ஆசிரியர் உலகுக்கும் ஏற்ற விதி இது!

ஆயினும் வங்கி ஊழியர் பதிவு செய்துகொண்டாற் போதும். இவ்வெட்டு மணி நேரம் அவர்களைக் கட்டாது. கடனாளிக்கு இரு வாயிலிலும் ஆபத்து ஒன்றேயாதலின் இவ்விலக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. எதிரே இருப்பவர் எவ்வகையினர் என்பதை அவருடைய பதிவிலக்கத்தைக் கொண்டு பொதுப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.