ஒரே மாவட்டம், இரண்டு மழை

ஆடி மாதம். குப்பம் பக்கத்தில் ஒரு மேட்டு நிலம். நேற்று ஒரு மழை பெய்தது. உழவும் முடிந்தது. வீட்டில் வேர்க்கடலை விதை தயாராக இருக்கிறது. அக்கா வானத்தையே பார்க்கிறார்.

"இன்னொரு மழை வருமா? வராவிட்டால் விதை காய்ந்துவிடும். விதை வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும்" என்கிறார்.

சத்தியவேட்டிலிருந்து தம்பி வந்திருக்கிறார். "எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அக்கா கணக்கு. அப்போதுதான் ஏரி நிரம்பும்" என்கிறார்.

இரண்டு ஊரும் பழைய சித்தூர் மாவட்டத்து ஊர்கள்தான். 2022ஆம் ஆண்டில்தான் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. அப்படியிருக்க, மழை மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

மேற்கே இருந்து வரும் மழை

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அரபிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. காற்று மலை மேல் ஏறுகிறது. மேலே போகப் போகக் குளிர்கிறது. குளிர்ந்தால் மழையாகக் கொட்டுகிறது. மங்களூரில் ஓர் ஆண்டில் 3,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

மலையைத் தாண்டி வரும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. குப்பம், பலமநேர், மதனபள்ளி ஆகிய மேட்டு ஊர்களுக்கு மீதி மழைதான் கிடைக்கிறது. அது விட்டு விட்டுப் பெய்யும். அதை நம்பித்தான் வேர்க்கடலை விதைக்கிறார்கள்.

கிழக்கே இருந்து வரும் மழை

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வீசுகிறது. இது வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் வரை இருக்கும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டானால் பெருமழை வரும். சத்தியவேடு, காளஹஸ்தி, திருப்பதி ஆகியவை கடலுக்குக் கிட்டத்தில் உள்ளவை. சேஷாசல மலையும் காற்றைத் தடுக்கிறது. அதனால் கிழக்கே இந்த மழை அதிகம். மேற்கே போகப் போகக் குறையும்.

லண்டனும் சித்தூரும்

பிரிட்டன் ஒரு தீவு நாடு. அங்கே காலையில் வெயில் அடிக்கும், மதியம் தூறும். குடை இல்லாமல் வெளியே போக யோசிப்பார்கள். அங்கும் ஈரக்காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. மேற்கே உள்ள மலைகளில் மழை அதிகம். கிழக்கே குறைவு.

அந்த நாட்டின் தலைநகர் லண்டன். அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லி மீட்டர். பழைய சித்தூர் மாவட்டத்தின் சராசரியோ ஏறக்குறைய 900 மில்லி மீட்டர்!

பிறகு ஏன் நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம்? லண்டனில் மழை பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது. வெயிலும் குறைவு. நமக்குச் சில மாதங்களில், சில நாட்களில் கொட்டிவிடுகிறது. மீதி நாள் வெயில் காய்கிறது. அதனால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள்.

ஒரு ஏக்கரில் 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? 1 லட்சம் லிட்டர்! தேக்கினால் அது செல்வம். விட்டால் வெள்ளம்.

2021இல் நடந்தது

2021 நவம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உண்டானது. நவம்பர் 18, 19 தேதிகளில் திருப்பதியில் பெருமழை கொட்டியது. தெருக்களில் வெள்ளம் ஓடியது. திருமலைப் பாதையில் மண் சரிந்தது. பொன்முகலி ஆறு பெருகியது. தெலுங்கில் அதற்குச் சுவர்ணமுகி என்று பெயர்.

திருப்பதிக்குப் பக்கத்தில் ராயலசெருவு என்ற பெரிய ஏரி இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்து ஏரி என்று சொல்வார்கள். அதன் கரையில் கசிவு ஏற்பட்டது. கரை உடைந்தால் கீழே உள்ள ஊர்கள் என்ன ஆகும்? மக்களை மேட்டு இடங்களுக்கு அனுப்பினார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கரை தப்பியது. ஊர்களும் தப்பின.

நாம் செய்யக் கூடியது

மழையை நிறுத்த முடியாது. வரவழைக்கவும் முடியாது. ஆனால் தயாராக இருக்கலாம்.

புரட்டாசி முடிவதற்குள் வரத்துக் கால்வாயைத் தூர் எடுக்க வேண்டும். கரையில் எலி வளை, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதகைச் சரிசெய்ய வேண்டும். ஏரி கோடி போகும் வழியில் வீடு கட்டக் கூடாது. வானிலை எச்சரிக்கை வந்தால் கேட்டு நடக்க வேண்டும்.

அக்கா இன்னும் நான்கு நாள் பொறுத்தார். ஈரம் நன்றாக இறங்கிய பிறகே விதைத்தார். தம்பி ஊருக்குத் திரும்பினார். ஊரார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஏரிக் கரையைப் பார்க்கப் போனார்.

உங்கள் ஊர் ஏரிக் கரை எப்படி இருக்கிறது?