வனாந்தர வழி – 6: கசந்த நீரும் திறந்த படலையும்

சென்ற வாரம் செங்கடலின் மறுகரையில், மிரியாமின் தம்புரு ஓசையோடு நின்றோம். அந்தப் பாட்டு ஓய்ந்து மூன்றே நாளில் இஸ்ரவேலருக்குத் தண்ணீர் இல்லாமற் போகிறது. சூர் வனாந்தரத்தில் நடந்து களைத்தவர்கள் மாராவில் தண்ணீரைக் கண்டு ஓடுகிறார்கள். வாயில் வைத்தால் கசப்பு.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பகுதியை வாசிக்கிறவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. 1995 ஒக்டோபர் 17ஆம் திகதி இராணுவம் ‘ரிவிரெச’ நடவடிக்கையைத் தொடங்கியது. 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் சனங்கள் ஒரே இரவில் தெருவுக்கு வந்தார்கள். செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தையும், கோப்பாய் வழியாகக் கைதடிப் பாலத்தையும் நோக்கி அந்தக் கூட்டம் நகர்ந்தது. சைக்கிள் கரியரில் வயோதிபர், தோளில் பிள்ளை, சேலைத் தலைப்பில் முடிந்த காணி உறுதி. மழை விடாமல் பெய்தது. வீதியின் இரு மருங்கும் கடல்நீரேரி, அதில் ஒரு மிடறும் குடிக்க முடியாது. நெரிசலில் முன்னே போகவும் வழியில்லை, பின்னே திரும்பவும் வழியில்லை. தாகம் பொறுக்காதவர்கள் குடையைக் கவிழ்த்துப் பிடித்து, அதில் விழுந்த மழைநீரைக் குடித்தார்கள்.

இஸ்ரவேலரின் பயணமும் எங்கள் சனங்களின் பயணமும் ஒன்றல்ல. அவர்கள் அடிமைத்தனத்தை விட்டுப் புறப்பட்டவர்கள். எங்கள் சனங்களோ சொந்த வீட்டையும் கிணற்றையும் விட்டுக் கிளம்பியவர்கள். அவர்களுக்கு முன்னே மேகஸ்தம்பம் போனது. எங்களுக்கு முன்னே போனது ஒலிபெருக்கி. யாருடைய கட்டளையையும் தேவசித்தம் என்று சொல்லிவிட நான் துணியமாட்டேன். ஆனால் வனாந்தரத்தில் கர்த்தர் தம் சனங்களை எப்படி நடத்தினார் என்பதை அறிய, அந்த இரவைக் கடந்து வந்த எங்களுக்குக் கண் திறந்திருக்க வேண்டும்.

முதலில் மாராவைப் பாருங்கள். சனங்கள் முறுமுறுத்தார்கள். பின்னொரு காலத்தில் முறுமுறுப்புக்காகத் தண்டனை வந்ததுண்டு. மாராவில் அப்படி எதுவும் இல்லை. கர்த்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினார், அதைத் தண்ணீரில் போட்டதும் கசப்பு நீங்கியது. தாகத்தோடு அழுகிறவனிடம் விசுவாசம் போதாது என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தாகத்துக்குத் தேவன் தந்த மறுமொழி தண்ணீர்.

அடுத்தது மன்னா. கூடச் சேர்த்தவனும் குறையச் சேர்த்தவனும் அளந்து பார்த்தபோது ஆளுக்கு ஓர் ஓமர்தான் இருந்தது, ஏறத்தாழ இரண்டு லீற்றர். நாளைக்கென்று ஒளித்து வைத்தது புழுத்துப்போனது. ஓய்வுநாளுக்காகச் சேர்த்தது மட்டும் கெடவில்லை. பதுக்க வழியில்லாத ஒரு சமுதாயத்தைக் கர்த்தர் வனாந்தரத்தில் பழக்கினார். தென்மராட்சியும் அந்த நாட்களில் இந்தப் பாடத்தைப் படித்தது. ஓர் இரவுக்குள் அங்கே சனத்தொகை பல மடங்கானது. சாவகச்சேரியிலும் மீசாலையிலும் கொடிகாமத்திலும் பாடசாலைகள் நிரம்பின, கோயில்களும் தேவாலயங்களும் நிரம்பின. அதன்பின் முன்பின் தெரியாதவர்களுக்காக வீட்டுப் படலைகள் திறந்தன. விறாந்தையில் ஒரு குடும்பம், மாமரத்தடியில் இன்னொரு குடும்பம், எல்லாருக்கும் ஒரே கிணறு. 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியையும் பிடித்த பின்னர் பெருந்தொகையானோர் வலிகாமம் திரும்பினார்கள். வேறு பலர் கிளாலியால் வன்னிக்குப் போனார்கள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது எங்கள் பாடுகளின் கதையாக மட்டும் முடிந்துவிடும். வேதம் எங்களை அங்கே நிறுத்தவில்லை. சீனாயில் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளில் ஒன்று அந்நியனைப் பற்றியது. அவனை ஒடுக்கவேண்டாம், எகிப்திலே நீங்களும் அந்நியராயிருந்தீர்கள் என்று கர்த்தர் காரணமும் சொல்கிறார். யாத்திராகமமும் லேவியராகமமும் உபாகமமும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பட்ட துன்பம் ஒரு சனத்தைத் தானாக நீதியுள்ளதாக்கிவிடாது என்பதாலேயே கட்டளை தேவைப்பட்டது.

நாங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். மிகப் பலர் புத்தளத்து முகாம்களில் வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். சோனகதெரு வெறிச்சோடியது. எங்கள் அயலவர், எங்கள் மொழி பேசுகிறவர்கள். அன்று எங்கள் படலைகள் திறக்கவில்லை. பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் நீங்கிய பின்னரும் எத்தனை தேவாலயங்களில் அவர்களுக்காக ஒரு ஜெபம் ஏறெடுக்கப்பட்டது?

கானான் போய்ச் சேர்ந்து கல்வீடு கட்டிய பின்னும் வருடத்துக்கு ஏழு நாள் கூடாரங்களில் தங்கும்படி இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பண்டிகையின் சந்தோஷத்தில் அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் பங்கு இருந்தது. நினைவுகூருதல் என்பதை வேதம் இப்படித்தான் கற்பிக்கிறது: பட்ட பாட்டை மறக்காதே, அந்தப் பாட்டைப் படுகிறவனை விருந்துக்கு அழை.

ஆகவே வருகிற ஒக்டோபர் 30ஆம் திகதி பிள்ளைகளைக் கூட்டிவைத்து 1995ஐச் சொல்லுங்கள், 1990ஐயும் சொல்லுங்கள். சபைகள் இரண்டுக்காகவும் ஒரே ஆராதனையில் ஜெபிக்கட்டும். மீளத் திரும்பி, காணிக்கும் வீட்டுக்கும் இன்னும் அலைகிற முஸ்லிம் குடும்பம் உங்கள் அயலில் இருந்தால் பிரதேச செயலகத்துக்கு அவர்களோடு கூடப் போங்கள். வனாந்தரத்தைக் கடந்துவந்த சனம் என்று எங்களைச் சொல்லிக்கொள்ளும் உரிமை, அப்படி நடக்கிறபோதுதான் எங்களுக்கு உண்டாகும்.

அடுத்த வாரம்: ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம். அப்படியிருக்க, வாக்குத்தத்த தேசம் போய்ச் சேர 40 வருடங்கள் ஏன் பிடித்தன? 1990இல் ஊரை இழந்து, 2017 ஜூலையில்தான் தங்கள் மீன்பிடித் துறைமுகத்தை மீளப் பெற்ற மயிலிட்டி மக்களின் காத்திருப்போடு சேர்த்து அதை வாசிப்போம்.

(தொடரும்)