ஆம்புலன்ஸில் ஒரு மின்தாள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாத இரவு. மந்தைவெளியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மின்சாரமும் இல்லை. எதிர்வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று வாய் கோணிக்கொண்டது. வலக்கை செயலற்று விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் தெருமுனைவரைதான் வர முடிந்தது. அதிலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்து வந்த இளைஞர், பெரியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டே அவருடைய மனைவியிடம் கேட்டார்: "அம்மா, ஐயா கடைசியா நல்லாப் பேசிக்கிட்டிருந்தது எத்தனை மணிக்கு?"

"எட்டே முக்காலுக்கு மாத்திரை போட்டுக்கிட்டாருப்பா. அப்போ நல்லாத்தான் இருந்தாரு."

இளைஞர் படிவத்தை எடுத்தார். அது நனைந்துபோயிருந்தது. பந்துமுனைப் பேனா தாளின்மேல் வழுக்கிச் சென்றதே தவிர, மை பிடிக்கவில்லை. இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தார். பிறகு பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து மருந்துப் பெட்டியின் மூடிமேல் ஒட்டி, அதில் "8.45" என்று எழுதிக்கொண்டார்.

துணைக்கு நானும் போயிருந்தேன். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். இளைஞர் பெட்டியின் மூடியைக் காட்டினார்.

மணியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வதால் வரும் பக்கவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. வழக்கமாக அதை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால், நன்மையைவிட மூளையில் இரத்தம் கசியும் ஆபத்தே மிகுந்துவிடுகிறது. நோய் தொடங்கிய நேரத்தை யாரும் பார்க்கவில்லை என்றால், நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்து கணக்கிடுவார்கள். அந்த நேரம் தெரியாவிட்டால், மருந்து கையில் இருந்தும் டாக்டர் தயங்குவார். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார்.

தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணை அழைத்தால் வரும் இலவச ஆம்புலன்ஸ் சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. அந்த ஊர்தியில் ஓட்டுநரோடு அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பார். இத்தகைய உதவியாளர் குறிக்க வேண்டியவை பல: நோயாளியை அடைந்த நேரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, நினைவுநிலை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். ஒருமுறை குறித்தால் போதாது. விபத்தில் அடிபட்டவருக்கு இரத்த அழுத்தம் 120 என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. சிறிது நேரம் கழித்து 104, பிறகு 90 என்று இறங்கிக்கொண்டே வந்து, நாடி மட்டும் வேகமாகிக்கொண்டே போனால், உடலுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது என்று அந்த மூன்று எண்களும் சேர்ந்து சொல்லிவிடும். தீயணைப்பு வேலையிலும் இப்படித்தான். மூச்சுக்கருவி அணிந்து புகைக்குள் செல்லும் வீரரின் பெயர், சிலிண்டரில் உள்ள காற்றின் அழுத்தம், உள்ளே சென்ற நேரம் ஆகியவற்றை வெளியே ஒருவர் பலகையில் குறித்துவைப்பது பல நாடுகளில் வழக்கம். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வீரரை எப்போது திரும்ப அழைப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

ஆக, நனையும் தாளை நம்பி ஓர் உயிர் இருக்கிறது. இந்த இடத்துக்குக் காகிதத்தைவிடப் பொருத்தமான கருவி ஏதேனும் உண்டா?

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள நீர்புகாத கைப்பேசி ஒன்றின் திரையில் நாலைந்து துளி தண்ணீர் தெளித்துவிட்டு, விரலால் ஏதாவது எழுத முயலுங்கள். கோடு இங்கே இழுத்தால் அங்கே பாயும். தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் ஒளி ஊடுருவும் மின்கடத்திகள் வலைபோல் பரந்திருக்கின்றன. நம் விரல் ஒரு மின்கடத்தி. அது அருகில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குதிறன் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரை 'தொடுகை' என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர்த் துளியும் மின்தேக்குதிறனை மாற்றுவதால், திரைக்கு மழைத்துளியும் ஒரு விரல்தான்! கனத்த கையுறை அணிந்த விரலோ அதற்குத் தெரிவதே இல்லை. புதிய கைப்பேசிகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. ஆனாலும் கொட்டும் மழையில் திணறுகின்றன.

இதற்கு வேறொரு வழி இருக்கிறது. அதுவே மின்தாள் எழுதுபலகை. பார்ப்பதற்குப் பள்ளிச் சிலேட்டைப் போலத்தான் இருக்கும். சோனி நிறுவனம் 2013-இல் ஜப்பானில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நார்வே நாட்டின் ரிமார்க்கபிள் 2017-இல் வந்தது. அலுவலகத்திலும் கல்லூரியிலும் குறிப்பெழுதுபவர்களை எண்ணிச் செய்யப்பட்டவை இவை. ஆனால் இவற்றுக்குள் இருக்கும் இயற்பியல், அவசர உதவியாளருக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது.

காலையில் வாசலில் போடும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டு முடிக்கும் வரைதான் உழைப்பு. பிறகு அது தானாகவே கிடக்கிறது. கார்த்திகை விளக்குகளை வரிசையாக வைத்து அதே கோலத்தை அமைத்தால், எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; எண்ணெய் தீர்ந்தால் கோலமும் போயிற்று. கைப்பேசித் திரை விளக்குக் கோலம். மின்தாள் மாக்கோலம்.

அந்த 'மாவு' எது? மின்தாளின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன்தான். அதற்குள் தெளிவான எண்ணெய் போன்ற திரவம். அதில் வெண்ணிறத் துகள்களும் கருநிறத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளைத் துகள் நேர்மின்னூட்டம் கொண்டது, கறுப்பு, எதிர்மின்னூட்டம். வெள்ளைக்கு டைட்டேனியம் டைஆக்சைடு பயன்படுகிறது. உங்கள் வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயிண்டில் இருப்பதும் அதுதான். குமிழின் மேலும் கீழும் மின்வாய்கள் உண்டு. மேல் மின்வாயை எதிர்மின் ஆக்கினால் வெள்ளைத் துகள்கள் மேலே வருகின்றன; அந்தப் புள்ளி வெள்ளையாகத் தெரிகிறது. மின்னழுத்தத்தைத் திருப்பினால் கறுப்பு மேலே வருகிறது.

இதற்கு வேண்டிய மின்னழுத்தம் சுமார் 15 வோல்ட். குமிழ் அடுக்கின் கனம் 50 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, வகுப்பில் படித்தபடி மின்புலச் செறிவைக் கணக்கிடுங்கள். மீட்டருக்கு 3 இலட்சம் வோல்ட் வரும்! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு வலிய புலத்திலும் துகள்கள் நிதானமாகத்தான் நகர்கின்றன, ஏனென்றால் திரவத்தின் பாகுத்தன்மை அவற்றைத் தடுக்கிறது. கால் வினாடியில் 50 மைக்ரோமீட்டர் என்றால் வினாடிக்கு 0.2 மில்லிமீட்டர்தான். சமையலறை எறும்பு இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். மின்தாளில் சினிமா பார்க்க முடியாமல் போவதற்கும் இந்த மந்தகதிதான் காரணம். ஆனால் அதே பாகுத்தன்மையும், துகள்கள் சுவரோடும் ஒன்றோடொன்றும் ஒட்டிக்கொள்ளும் இயல்பும் சேர்ந்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவற்றை இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்கின்றன.

மின்புலத்தில் துகள்கள் இப்படி நகர்வதை 1807-இலேயே மாஸ்கோவில் ரியூஸ் என்ற அறிஞர் தண்ணீரில் கலந்த களிமண்ணைக் கொண்டு கண்டறிந்தார். இரத்தப் பரிசோதனைக்கூடங்களில் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியவும் இந்த முறை பயன்படுகிறது. இதை எழுத்துக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் 1970-களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நடந்தன. நுண்குமிழுக்குள் துகள்களை அடைக்கும் வழியை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சன் தம் மாணவர்களோடு உருவாக்கி, 1998-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவர்களில் பாரெட் காமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் இருவரும் அந்த வேலையைத் தொடங்கியபோது இளநிலைப் பட்டம்கூட முடிக்காதவர்கள். இந்தியாவுக்கும் மின்தாள் சீக்கிரமே வந்துவிட்டது. 2006-இல் மோட்டோரோலா இங்கே விற்ற மலிவான மோட்டோஃபோன் எஃப்3 கைப்பேசியின் திரை மின்தாள்தான். யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

விபத்து நடக்கும் இடம் பெரும்பாலும் நடுச்சாலை. நேரம் நண்பகலாகவும் இருக்கலாம். சென்னையின் உச்சிவெயிலில் கிடைமட்டப் பரப்பின்மீது விழும் ஒளி சுமார் 1 இலட்சம் லக்ஸ். டியூப்லைட் போட்ட வகுப்பறையில் சில நூறு லக்ஸ்தான். கைப்பேசித் திரை தன் சொந்த ஒளியோடு சூரியனோடு போட்டியிடுகிறது; தோற்றும் போகிறது. மின்தாள் போட்டியிடுவதே இல்லை. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும், நாளிதழைப் போல.

இனிப் பேனா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பல எழுதுபலகைகளின் பேனாவில் மின்கலமே கிடையாது. உள்ளே இருப்பது ஒரு சிறு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே. பலகையின் அடியில் கம்பிக் கண்ணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் வினாடிக்குச் சில இலட்சம் தடவை திசைமாறும் மின்னோட்டம் கணநேரம் பாய்கிறது. பேனாவின் சுருள் அதே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்டிருப்பதால் அதில் மின்னலைவு எழுகிறது. உடனே பலகை தன் மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறது. கபாலீசுவரர் கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் நாதம் கேட்கிறதல்லவா? அதுபோலப் பேனாவில் மிஞ்சி நிற்கும் அலைவு, அருகிலுள்ள கண்ணிகளில் மின்தூண்டலால் ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. எந்தக் கண்ணியில் அதிகம், பக்கத்துக் கண்ணிகளில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பேனாமுனை இருக்கும் இடத்தைக் கருவி கணிக்கிறது. முனையை அழுத்தினால் பேனாவின் ஒத்ததிர்வு சற்று மாறும். அதைக்கொண்டு கோட்டின் தடிமனும் மாறுகிறது.

இந்த அதிர்வெண்ணில், காந்தப்புலத்தைப் பொறுத்தவரை ஒரு படலம் தண்ணீர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கையுறையும் அதற்குத் தடையில்லை. நனைந்த திரையிலும் "8.45" என்று எழுதலாம், எழுதியது 8.45 ஆகவே இருக்கும்.

ஆனால் கடைக்குப் போய் இன்றே ஒன்றை வாங்கி ஆம்புலன்ஸில் வைத்துவிட முடியாது. எழுதும் முறை தண்ணீருக்கு அஞ்சாது என்றாலும், இன்று விற்கும் எழுதுபலகைகள் பலவற்றின் உறை நீர்புகாதது அல்ல. படிப்பதற்கு மட்டுமான மின்தாள் கருவிகள் சிலவற்றை நீர்புகாதபடி செய்திருக்கிறார்கள். ஆகையால் இது தீராத குறை அல்ல. இத்தகைய கருவிகளுக்குப் பொதுவாக 50 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆகாது. மே மாத வெயிலில் கதவு மூடி நிற்கும் ஊர்திக்குள் அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. பலவற்றில் துகள்களின் அடியில் உள்ள மின்சுற்று மெல்லிய கண்ணாடிமேல் அமைந்தது; கீழே விழுந்தால் உடையும். இருட்டில் முன்விளக்கோ டார்ச்சோ இல்லாமல் படிக்க முடியாது. அந்த வகையில் இதுவும் காகிதந்தான்.

படியெடுத்துக் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. கார்பன் தாள் வைத்து எழுதினால் ஒரு படியைக் கிழித்து மருத்துவமனையில் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓடலாம். மின்தாளில் எழுதியதை அனுப்பத் தொலைத்தொடர்பு வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நாளில் டாக்டரிடம் பலகையையே நீட்டிப் படிக்கச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் 2015 வெள்ளத்தில் நனைந்தும் அடித்துச் செல்லப்பட்டும் போன பள்ளிச் சான்றிதழ்களுக்கும் குடும்ப அட்டைகளுக்கும் மறுபடி வழங்க அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியிருந்ததையும் மறந்துவிடக் கூடாது. காகிதத்துக்கும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு.

இன்னொரு சிக்கல், மின்தாளின் சிறப்பிலிருந்தே பிறப்பது. மின்கலம் தீர்ந்தாலும் கடைசியாக எழுதிய பக்கம் அழியாது என்றோம். அப்படியானால் நோயாளியின் பெயரும் நோயும்கூட இருக்கையில் கிடக்கும் பலகையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்குமல்லவா? எனவே இக்கருவிகள் உறங்கப் போகுமுன் அந்தப் பக்கத்தை மறைத்து வேறொரு படத்தைத் திரையில் வரைந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். அதை வரைவதற்கும் மின்கலத்தில் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும்.