சிறுநீரை அளக்கும் ஒளி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பரிசோதனைக் கூடங்களுக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் பலர், ரத்தத்தோடு சிறுநீரையும் கொடுக்கிறார்கள். சிறுநீரகப் பாதிப்பு, கால் வீங்குவதற்கு வெகு முன்பே அதில் தெரிந்துவிடும்.

காட்டிக்கொடுப்பது ஒளிதான். சிறுநீரிலுள்ள கிரியேட்டினின், காரம் கலந்த பிக்ரிக் அமிலத்துடன் சேர்ந்தால் ஆரஞ்சு நிறம் வரும். மாக்ஸ் யாஃபே 1886இல் கண்ட வினை இது. அந்த ஆரஞ்சுக் கரைசலுக்குள் சுமார் 500 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கருவி கணக்கிடுகிறது. அல்புமின் புரதத்தையும் அளந்து ஒப்பிடுவார்கள். கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினைத் தாண்டி, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய்.

வேதிப்பொருள் சேர்க்காமலும் அளக்கலாம்.

திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1928இல் கண்டறிந்த விளைவே அதற்கு அடிப்படை. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறுகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. தண்ணீர் தரும் ராமன் சமிக்ஞை மங்கலானது என்பதால், யூரியாவின் அடையாளம் சிறுநீரில் தெளிவாகத் தெரியும். சிறுநீரின் இயற்கையான ஒளிர்வு குறுக்கிடாமலிருக்க, ஆய்வாளர்கள் 785 நானோமீட்டர் லேசரை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இம்முறை பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அல்புமின்–கிரியேட்டினின் விகிதச் சோதனையோ இன்றே கிடைக்கிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்துகொள்ள வேண்டும்.