வரி எங்கே முடிகிறது?

கணிப்பொறியில் நான்கு வரிகளைத் தட்டச்சு செய்து சேமிக்கிறீர்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில், கோப்புக்குள் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோ, இரண்டு குறிகளோ இருக்கின்றன.

பழைய தட்டச்சுப் பொறியை நினைத்துப் பாருங்கள். வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் இரண்டு வேலைகள் நடக்கும். உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலே ஏறும். டெலிபிரின்டரில் இவ்விரண்டுக்கும் தனித்தனி ஆணைகள் இருந்தன. 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் ‘தொடக்கத்துக்குத் திரும்பு’ என்பதற்கு 13-ஆம் எண்ணும், ‘தாளை ஏற்று’ என்பதற்கு 10-ஆம் எண்ணும் உரியவை. 13 முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. டெலிடைப் 33 என்னும் பொறி விநாடிக்கு 10 எழுத்துகளை அச்சிட்டது. வலக்கோடியிலிருந்து அச்சுத்தலை திரும்பிவர விநாடியின் பத்தில் ஒரு பங்கு போதாது. தாள் ஏறுகின்ற நேரத்துக்குள் அது வந்து சேர்ந்துவிடும்!

பொறிகள் போயின, குறிகள் தங்கிவிட்டன. யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. 1981-இல் வந்த எம்.எஸ்.டாஸ், சி.பி.எம். வழியைப் பின்பற்றி 13, 10 இரண்டையும் வைத்துக்கொண்டது. விண்டோஸுக்கு அந்த வழக்கம் சொத்தாக வந்தது. 1984-இன் மெக்கின்டாஷ் 13-ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. 2001-இல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் யூனிக்ஸ் பக்கம் சேர்ந்துவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? விண்டோஸில் தயாரித்த தேர்வு முடிவுப் பட்டியலை லினக்ஸ் கணிப்பொறிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள நிரல் கோப்பை 10 வரும் இடங்களில் வெட்டி, வரியின் கடைசிச் சொல் ‘தேர்ச்சி’ தானா என்று ஒப்பிடுகிறது. அந்தச் சொல்லின் வாலில் 13 ஒட்டிக்கொண்டிருக்கிறதே! இரண்டும் வேறு என்று நிரல் முடிவு செய்கிறது. தேறியவர் அனைவரும் தோற்றவர் ஆகிவிடுவர். திரையில் பார்த்தாலோ ஒரு குற்றமும் தெரியாது.

இணையப் பக்கங்களை ஆக்கும் பி.எச்.பி. மொழியில் இதற்கு மருந்து எளிது. ஒன்றைத் தேடி மற்றொன்றை வைக்கும் கட்டளை அதில் உண்டு. முதலில் 13–10 இணையை 10 ஆக மாற்றுங்கள். பிறகு தனியாக நிற்கும் 13-ஐ 10 ஆக மாற்றுங்கள். வரிசை முக்கியம். 13-ஐ முதலில் மாற்றினால் ஒவ்வோர் இணையும் 10–10 ஆகி, வரிக்கு வரி இடையில் ஒரு வெற்று வரி முளைக்கும். விண்டோஸ் முறை வேண்டுமென்றாலும், முதலில் எல்லாவற்றையும் 10 ஆக்கிவிட்டு, அதன்பின்தான் 13–10 ஆக மாற்ற வேண்டும்.

மேற்கோள் குறியிலும் கவனம் தேவை. பி.எச்.பி.யில் சாய்கோட்டுடன் எழுதும் இந்தக் குறிகளை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால்தான் அவை 13, 10 ஆகும். ஒற்றை மேற்கோளுக்குள் இட்டால் வெறும் சாய்கோடும் ஓர் எழுத்துமாகவே நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே.

தமிழ் எழுத்துகளுக்குச் சேதம் வருமோ என்று அஞ்ச வேண்டாம். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொண்டது; அவை யாவும் 128-க்குக் குறையாதவை. 10-ம் 13-ம் அவற்றுள் வர வழியே இல்லை.

படக் கோப்புகளின் கதை வேறு. அவற்றில் 13-ம் 10-ம் வரி முடிவுகள் அல்ல, படத்தின் பகுதிகள். மாற்றினால் படம் பாழாகும். 1996-இல் பி.என்.ஜி. படமுறையை வகுத்தவர்கள் இதை முன்னரே எண்ணிப் பார்த்தார்கள். அத்தகைய கோப்பு ஒவ்வொன்றும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களுடன்தான் தொடங்கும். வழியில் யாராவது வரி முடிவுகளை மாற்றியிருந்தால் இந்த எட்டிலேயே பிசகு தெரிந்துவிடும். படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிடும்.