லேடாங் உச்சியும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

ஜொகூர், தங்காக்கில் உள்ள லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். கயிற்றையும் ஏணியையும் பற்றி அதில் ஏறித்தான் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நிதி திரட்ட வேண்டுமா, பணத்தை நேரடியாகவே கொடுத்துவிடலாமே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், வெறுமனே கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கூட, ஒருவர் வியர்வை சிந்தி ஏறும்போது 'எதற்காக?' என்று கேட்பார். அந்தக் கேள்வியே நன்கொடைக்கும் விழிப்புணர்வுக்கும் வாசல். பயணச் செலவை ஏறுபவரே ஏற்று, திரட்டியதற்குக் கணக்கும் காட்டினால் குறை சொல்ல இடமேது? அந்த விழிப்புணர்வு ஏன் தேவை? 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் நமக்கு உண்டு; யாராவது தகவல் சொன்னால்தான் அது அசையும். துன்புறும் பிள்ளையைக் கண்டால் மலையேற வேண்டியதில்லை. 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே உதவிச் சேவையை 15999 என்ற எண்ணில் அழையுங்கள்.